நாலரை மணி நேர வித்தியாசம்

ஜோயல்,

அன்புள்ள மகனுக்கு என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நேற்று போனில் நீ பேசிய பேச்சு இன்னும் காதிலேயே நிற்கிறது. "அம்மா, சார் ஆபீசுக்குப் போயி இன்னாத்துக்கு மிரட்டிட்டு வந்தே? அஞ்சு வருஷம் ஆச்சு, ஆறின கஞ்சி. மன்னிச்சு விட்டுடேன்" என்றாய். அவன் உனக்குச் சார். எனக்கு ஒரு காலத்தில் தம்பி மாதிரி. தேவராஜ் என்று பெயரைச் சொல்லியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. வருகிற திங்கட்கிழமை அவனுடைய கம்பெனி ஆளாக நீ போர்ச்சுகலுக்கு விமானம் ஏறப்போகிறாய். உன் செலவுக்கு அவன் பணம் ஏற்றிக் கொடுத்த பயணக் கார்டு உன் சட்டைப்பையில் இருக்கிறது. அந்தக் கார்டு வாங்கும்போது ஃபாரத்தில் யார் போன் நம்பர் போட்டீர்கள் என்று கேட்டேன். "சார் நம்பர்தாம்மா, ஆபீஸ் கார்டுதானே" என்று சாதாரணமாகச் சொன்னாய். நான் போனதும் அதே நாடு, அதே மாதிரி கார்டு, அதே ஆள்.

நான் போன கதை உனக்குப் பாதிதான் தெரியும். அப்பா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது, நீ காலேஜில் இரண்டாம் வருஷம். ஆம்பூர் ஃபேக்டரியில் சாம்பிள் ரூம் சூப்பர்வைசராக இருந்தேன். புது மாதிரி லேடீஸ் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற முறையைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி மூன்று வாரத்துக்கு என்னை அனுப்பினார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து ஒடுகத்தூர் பஸ்ஸைத் தவிர வேறு வண்டி பார்க்காதவள் நான். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கிற மெர்ச்சண்டைசர் தேவராஜைக் கூட அனுப்பினார்கள். சாப்பாடு, ஹோட்டல் இரண்டுக்கும் சேர்த்து யூரோவாக ஏற்றிய கார்டு ஆளுக்கு ஒன்று. சாப்பாட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்தால் அது அவரவருக்கு என்றார்கள். உன் அடுத்த இரண்டு செமஸ்டர் ஃபீஸ் அந்த மிச்சத்தில்தான் இருந்தது. வேலூரில் கார்டு கொடுக்கிற ஆபீசில் ஃபாரம் எழுதும்போது அவன்தான் பேனாவை வாங்கினான். "அக்கா, உங்க சிம்மு அங்க வேலை செய்யாது. என் நம்பரையே போட்டுடறேன், மெசேஜ் வந்தா நான் சொல்றேன்" என்றான். எவ்வளவு அக்கறை பார் என்று நினைத்தேன். வெளியே வந்து அவனுக்கு மாதுளை ஜூஸ் வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அங்கே இருபத்தொரு நாளும் நான் அரிசியும் அவலும் ஊறுகாயும் தின்று உயிரை வைத்துக்கொண்டேன். சின்ன குக்கரை ரூமிலேயே வைத்துக் கஞ்சி வைப்பேன். கடைப் பக்கமே போகவில்லை. காலையில் பயிற்சிக் கூடத்துக்குப் போகிற வழியில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தேவராஜ் கை நீட்டுவான். "கார்டக் குடுங்கக்கா, பேலன்ஸ் பாத்துட்டு வந்துர்றேன். இந்த ஊர்ல கார்டுல திருட்டு ஜாஸ்தியாம்." மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கார்டையும் ஒரு சின்னச் சீட்டையும் கொண்டுவந்து தருவான். "பத்திரமா இருக்குக்கா, ஒரு பைசா கம்மி ஆவல." சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அது அவன் கார்டின் சீட்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? திருட்டைப் பற்றி எச்சரித்தவனே திருடினான். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊரில் சொல்வார்கள். சொல்லும்போது சும்மா ஒரு பழமொழி. நம் பயிரை மேய்ந்தால்தான் அதன் அர்த்தம் வயிற்றில் இறங்கும்.

கடைசி நாள் காலையில் ஹோட்டல் பில் கட்டப் போனேன். அந்தப் பெண் கார்டைச் செருகினாள், பின் நம்பரைப் போட்டேன், தலையை ஆட்டிவிட்டாள். மறுபடி செருகினாள், மறுபடி தலையை ஆட்டினாள். பின்னால் வரிசை நிற்கிறது. அப்போது தேவராஜ் எனக்கு முன்னால் வந்து தன் கார்டை நீட்டினான். "விடுங்கக்கா, நான் கட்டறேன். ஊருக்குப் போயி பாத்துக்கலாம்" என்றான். ஜோயல், அந்த இடத்தில், அத்தனை வெள்ளைக்காரர்கள் பார்க்க, நான் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் பணத்தைத் தின்றவன் என் கண்ணெதிரில் நின்றான், நான் அவனைக் கும்பிட்டேன். நீ மன்னிக்கச் சொல்கிறாயே, அந்தக் கும்பிட்ட கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஊருக்கு வந்து கார்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். பேசுவதற்கு முன்னால் ஒரு நம்பர் அனுப்புவோம், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். அந்த நம்பர் தேவராஜ் போனுக்குப் போயிற்று. அவன் எடுக்கவில்லை. வேலூர் கார்டு ஆபீசுக்கே நேரில் போனேன். "பின் நம்பர் முதல் தடவையே சரியாப் போட்டுதான் எடுத்திருக்காங்கம்மா. பதிவு பண்ண போன் நம்பரும் உங்களது இல்ல. கார்டையும் நீங்களே ஒருத்தர் கையில குடுத்திருக்கீங்க. காசு போன அன்னிக்கே சொல்லியிருந்தா கார்டையாவது நிறுத்தியிருக்கலாம்" என்று அங்கிருந்த பையன் பொறுமையாகத்தான் சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஃபேக்டரியில் ஹெச்.ஆர். ஸ்டேட்மெண்டை என் முன்னால் வீசினார். நாலு தடவை பணம் எடுக்கப்பட்டிருக்கிறது. நாலும் மதியம் மூன்றரையிலிருந்து நாலு மணிக்குள். "உங்க ட்ரெயினிங் மூணு மணிக்கு முடிஞ்சுடும். அப்புறம் டவுனுக்குப் போயி எடுத்திருக்கீங்க, இதுல இன்னாம்மா சந்தேகம்?" என்றார். தேவராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "சார், அக்கா பாவம், ஏதோ ஆசைல வாங்கிட்டாங்க, விட்டுடுங்க" என்று எனக்காகப் பரிந்து பேசினான். அந்த ஒரு வார்த்தையில் என்னைத் திருடியாக்கிவிட்டான். சூப்பர்வைசர் வேலை போயிற்று. நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்களின் வரிசையிலேயே எனக்கு ஒரு மிஷின் போட்டார்கள். கேன்டீனில் என் காதுபடவே பேசினார்கள், போர்ச்சுகல் போயி ஷாப்பிங் பண்ணிட்டு வந்து நாடகம் ஆடறா என்று. தாலிச் செயினை அடகு வைத்து உன் ஃபீஸைக் கட்டினேன்.

பின் நம்பர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் என்னை அரித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதி வைக்கவில்லை, சத்தியமாக. அடுத்த வருஷம் சாம்பிள் ரூமில் தோல் வைக்கிற பீரோவுக்கு நம்பர் பூட்டு போட்டார்கள். என்ன நம்பர் வைக்கலாம் என்று நசீமா கேட்டாள். என் பக்கத்து மிஷின்காரி, உனக்குத் தெரியும். தேவராஜ் வாசலில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "மூணு ஆறு நாலு ஒண்ணு வைங்க. லேடீஸ் ஷூ தைக்கிறவங்க வேற இன்னாத்த வைப்பாங்க? நம்ம பழைய சூப்பர்வைசர் அக்காவுக்குப் புடிச்ச நம்பராச்சே" என்றான். என் கையில் இருந்த தோல் துண்டு கீழே விழுந்தது. முப்பத்தாறு முதல் நாற்பத்தொன்று வரை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு ஜோடியோடும் வருகிற வேலைச் சீட்டில், அந்த டிக்கெட்டில், நான் பார்க்கிற லேடீஸ் ஷூ சைஸ். மறக்கக்கூடாது என்று அதையே பின் நம்பராக வைத்திருந்தேன். வேறு எந்த ஊர்த் திருடனாக இருந்தாலும் தலையால் தண்ணீர் குடித்திருப்பான். செருப்புக்காரிக்குச் செருப்புக்காரன்தான் எமன். மறுபடி ஹெச்.ஆரிடம் போய்ச் சொன்னேன். "ஜோக்குக்கெல்லாம் கம்ப்ளைண்டா?" என்று அனுப்பிவிட்டார். இரண்டு மாதத்தில் தேவராஜ் வேலையை விட்டு வேலூர் பாகாயத்தில் சொந்த ஆபீஸ் திறந்தான். நான் ஊமை கண்ட கனவாக வைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் நீ அவனிடமே வேலைக்குச் சேர்ந்தாய். வேண்டாம் என்று எவ்வளவு சொன்னேன்? சம்பளம் ஜாஸ்தி என்றாய்.

இந்த மாதம் நீ போர்ச்சுகல் போகிற சந்தோஷத்தில் போனில் சொன்னாய்: "அம்மா, மே மாசத்துல அங்க நம்மூரை விட நாலரை மணி நேரம் கம்மி. நான் எழுந்திருக்கும்போது உனக்கு மத்தியானம் ஆயிடும்." நீ பேசிக்கொண்டே போனாய். எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. நான் போனதும் மே மாதம்தான். போனை வைத்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன். ஹெச்.ஆர். வீசிய ஸ்டேட்மெண்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். கார்டு கம்பெனிக்குப் போன் போட்டு, இதில் இருக்கிற நேரம் எந்த ஊர் நேரம் என்று ஒரே கேள்வி கேட்டேன். "எல்லாமே இந்திய நேரம்தான் மேடம்" என்றாள் அந்தப் பெண். இந்தியாவில் மதியம் மூன்று நாற்பது என்றால் அங்கே காலை பதினொன்று பத்து. பதினொன்று பத்துக்கு நான் மிஷினில் இருந்தேன். அதற்கும் அத்தாட்சி இருக்கிறது. அந்தக் கூடத்தில் ஒவ்வொரு ஜோடி தைக்கும்போதும் அதன் டிக்கெட்டில் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எழுதி என் கையெழுத்தும் பயிற்சி கொடுத்த அம்மாவின் கையெழுத்தும் வாங்குவார்கள். தையல் முறை மறந்துவிடக்கூடாது என்று அத்தனை டிக்கெட்டையும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நசீமாவும் நானும் நாலு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நாலு தடவையும் நான் டவுனிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, ஊசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கார்டு அவன் கையில் இருந்திருக்கிறது. நசீமா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "அஞ்சு வருஷமா ஒரே பெட்டிலதான இருந்துச்சு, ரெண்டும்" என்றாள். ஆமாம், ஒரே பெட்டியில்தான் இருந்தது. படித்த ஹெச்.ஆருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆகவே ஜோயல், நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், இதை மட்டும் செய். விமானம் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உன் பெயரில் நீயே போய் ஒன்று வாங்கு. ஃபாரத்தை நீயே எழுது, உன் நம்பரைப் போடு, அந்த நம்பருக்கு வெளிநாட்டிலும் மெசேஜ் வருகிற மாதிரி இங்கேயே ரீசார்ஜ் செய்துகொள். எவன் போனுக்குச் செய்தி போகிறதோ அவன்தான் கார்டுக்குச் சொந்தக்காரன், உன் பெயர் மேலே அச்சடித்திருப்பது சும்மா அழகுக்கு. பின் நம்பருக்குப் பிறந்த நாள் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம், ஷூ சைஸ் வேண்டவே வேண்டாம். உன்னோடு வேலை செய்கிறவன் முதலில் யோசிக்கிற நம்பர் எதுவோ, அதை விட்டு ஓடு. இப்போது போனிலேயே கார்டைப் பூட்டித் திறக்கலாமாம், எனக்கு அந்த வசதி இருக்கவில்லை. வேலை முடிந்ததும் பூட்டிவிடு. மொத்தத்தையும் ஒரே கார்டில் ஏற்றாதே, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, இன்னொரு கார்டைத் துணிப்பெட்டியின் அடியில் வை. பேலன்ஸ் பார்த்துத் தருகிறேன் என்று கடவுளே இறங்கி வந்து கை நீட்டினாலும் கொடுக்காதே. ஒரு யூரோ குறைந்தாலும் அந்த நிமிஷமே போன் போட்டுக் கார்டை நிறுத்தச் சொல், புகார் நம்பரை வாங்கி எழுதி வை. வெட்கப்பட்டுக்கொண்டு ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால் என் கதிதான். திரும்பி வந்த பிறகு மிச்சத்தை வாங்கிக்கொண்டு கார்டை மூடிவிடு. இதெல்லாம் புத்திமதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு விலை கொடுத்திருக்கிறேன்.

சரி, மிரட்டினாய் என்றாயே, அதைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுப் பாகாயம் போனேன். மாடியில் ஏசி ரூம். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "அக்கா, இன்னா திடீர்னு? டீ சொல்லட்டுமா?" என்றான். டீ வேண்டாம் என்று ஸ்டேட்மெண்டையும் டிக்கெட்டையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். வரிக்கு வரி விரலை வைத்துக் காட்டினேன். முகம் சாம்பல் பூத்தது. "இப்ப இன்னாத்துக்குக்கா இது? அஞ்சு வருஷம் ஆச்சே" என்றான்.

"நாலரை மணி நேரந்தான் ஆச்சு" என்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு டிராயரைத் திறந்தான். "அப்ப எனக்கும் கஷ்டம்க்கா. எவ்ளோன்னு சொல்லுங்க, ஜாஸ்தியாவே தர்றேன். தம்பி வேற நம்ம ஆபீஸ்ல இருக்கான். பேஜார் பண்ணாதீங்க."

"காசு வேணாம் தேவராஜ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபேக்டரி கேட்டுக்கு வா. பொம்பளைங்க எல்லாம் வெளிய வர்ற நேரம். அங்க நின்னு, நான்தான் எடுத்தேன், இந்த அம்மா எடுக்கலன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை."

"அதெப்படிக்கா முடியும்? எனக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல."

"எனக்கும் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். இதுதான் மிரட்டல். அசலை அவன் மேஜையில் வைத்துவிட்டு வருகிற முட்டாள் நான் இல்லை, நகலும் எடுத்திருக்கிறேன், அதையும் தெரிந்துகொள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் விட்டது. நசீமா சொல்லி நாற்பது ஐம்பது பெண்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். அன்றைக்குக் கேன்டீனில் பேசின அதே பெண்கள். ஒரு மணி நேரம் நின்றோம். அவன் வரவில்லை. அவனுக்குப் பதிலாக உன் போன் வந்தது, மன்னித்துவிடச் சொல்லி. உனக்கு முன்னால் பாஸ்டரிடமும் போயிருக்கிறான். அவரும் வீட்டுக்கு வந்து, பழிவாங்குவது நம் வேலை இல்லை சிஸ்டர் என்றார். "ஐயா, அவன் செஞ்சது தப்புன்னு அவன் வாயால சொல்லட்டும். சொன்ன அப்புறம் மன்னிக்கலாமா வேணாமான்னு நான் உக்காந்து யோசிக்கிறேன்" என்றேன். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பழிதான் வேண்டும், ஜோயல். அதை மூடி மறைத்துப் பேச எனக்கு வராது. நான் தலை குனிந்து நடந்த அதே இடத்தில் அவன் தலை குனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். அவன் தானாக வரமாட்டான் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இந்தக் கடிதம் ஃபேக்டரி நோட்டீஸ் போர்டில் இருக்கும், ஸ்டேட்மெண்டும் நாலு டிக்கெட்டும் பக்கத்தில் இருக்கும். அன்றைக்கே இன்னொரு செட் வேலூர் சைபர் கிரைம் போலீசுக்குப் போகும். உன் வேலை போகும் என்று எனக்குத் தெரியும். என் வேலையும் போயிற்று, அன்றைக்கு யாரும் எனக்காக மன்னிப்பைப் பற்றிப் பேச வரவில்லை. நோட்டீஸ் போர்டில் இதை ஒட்ட வேண்டியது நான் இல்லை, நீ. எட்டு மணிக்குக் கேட்டுக்கு வா. உன் விமானம் சாயங்காலம்தான்.

ஏன் நீ என்று கேட்பாய். பணம் போன விஷயம் தெரிந்த வாரம், நீ காலேஜிலிருந்து வந்து அடுப்படி வாசலில் நின்றாய். நான் உனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நீ குரலைத் தாழ்த்தி, கோபமே இல்லாமல், "நெஜமா சொல்லும்மா, அங்க இன்னா வாங்கின?" என்று கேட்டாய். ஹெச்.ஆர். கேட்டதற்கு நான் அழவில்லை, கேன்டீன் பேசினதற்கு அழவில்லை. தோசை கருகியது. உனக்கு ஞாபகம்கூட இருக்காது. இந்தக் கடிதத்தை இரண்டாக எழுதி வைத்திருக்கிறேன், ஜோயல். ஒன்றில் இந்தக் கடைசிப் பத்தி இல்லை. நீ வந்தால் அதை ஒட்டலாம்.

உன் அம்மா